ஊசி போட்ட மாட்டின் பால்

பாலைக் கீழே கொட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். சட்டம் போட்டது நான். கறந்த பாலில் ஈ விழுந்தால் ஈயை எடுத்து எறிவேனே தவிர பாலை எறிய மாட்டேன். என் வீட்டுக்காரர் டீயில் அரை டம்ளர் மிச்சம் வைத்தால்கூட, "ஏனுங்க, மாடு சும்மாவா குடுத்துச்சு?" என்று கேட்டுவிடுவேன். அவர் எடுத்துக் குடித்துவிடுவார். முப்பது வருஷமாகக் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. நன்றாகத்தான் நடக்கிறது.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. மழை பெய்தால் கேரளம், பெய்யாவிட்டால் கோயமுத்தூர். பேச்சு எந்தக் காலத்திலும் கோயமுத்தூர்ப் பேச்சுதான். தென்னையும் மாடும் இல்லாத வீடு குறைவு. என்னிடம் மூன்று மாடு. காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். என் பாலை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதும் இல்லை.

கறவை மாட்டுக்கு மடிநோய் வருவது சாதாரணம். மடி கல்லாகிவிடும், பால் திரிதிரியாக வரும், கிட்டே போனாலே உதைக்கும். மாட்டு டாக்டர் பைக்கில் வந்து ஊசி போடுவார். காம்புக்குள் ஏற்றுகிற மருந்துக் குழாய் நாலைந்து கொடுப்பார். வண்டியை எடுக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: "கடைசி மருந்துக்கு அப்பறம் நாலு நாளைக்கு இந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊத்தாதீங்க." ஊற்ற மாட்டேன். ஊற்றினால் சோதனையில் பிடித்துவிடுவார்கள், ஊர்ப் பால் மொத்தமும் திரும்பி வரும், அப்புறம் கடைவீதியில் தலைகாட்ட முடியாது. ஆனால் சொசைட்டிக்கு ஊற்றாதே என்றால் சொசைட்டிக்கு ஊற்றாதே, அவ்வளவுதான். அது சொசைட்டிக்காரர்களுடைய நொரநாட்டியம், வேண்டாத கெடுபிடி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் குடிக்காதே என்று அவர் எப்போதாவது சொன்னாரா என்றால், சொல்லியிருக்கலாம். எனக்குப் பிடிக்காத பேச்சு என் காதில் விழுவதில்லை.

ஆகவே வருஷத்தில் நாலைந்து தடவை எங்கள் வீட்டில் பால் பெருகி ஓடும். டீ, காப்பி, பாயசம், பால்கோவா. தயிருக்கு மட்டும் ஆகாது. உறை ஊற்றினால் மறுநாள் ஊற்றியபடியே கிடக்கும். மாட்டுச் சூடு பாலில் இறங்கிவிட்டது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மருந்துக் குழாயிலும் என் கெட்டிக்காரத்தனம் உண்டு. இரண்டு நாளில் பால் தெளிந்துவிட்டால் மிச்சக் குழாய்களைப் போட மாட்டேன். ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை நானே ஏற்றிவிடுவேன். டாக்டரைக் கூப்பிட்டுக் காத்துக் கிடக்க வேண்டாம் பாருங்கள்.

பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் எவ்வளவு குடிப்பது? மிச்சத்தைத் தூக்குப்போசியில் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள். ராவுத்தர் குடும்பம். அவள் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. இருபது வருஷப் பழக்கம். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை அம்மிணி என்பேன். தினமும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாலு வார்த்தை பேசுவோம். பால் கொண்டுபோகிற நாளில் மட்டும் உள்ளே போய் அரை மணி நேரம் உட்காருவேன். மாடு வைத்திருக்கிறவளுக்கு மற்ற நாளில் உட்கார ஏது நேரம்? போசியை அவள் வெறுமனே திருப்பித் தந்ததே இல்லை. தேங்காய்ச் சோறு இருக்கும், கறிக்குழம்பு இருக்கும், நோன்பு மாதமானால் கஞ்சி இருக்கும். காசு வாங்காமல் பால் கொடுக்கிறோம் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்றால் பொய்.

போன வருஷம் ஆடி மாதம் என் வீட்டுக்காரருக்கு நீர் பிரியாமல் அடைத்துக்கொண்டது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்தார்கள். வயதான ஆண்களுக்கு வருகிற புராஸ்டேட் வீக்கம்தான், மருந்திலேயே சரியாகும் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சல். கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினார். திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஊசி போட்டார்கள், அதுவும் கேட்கவில்லை. டீ வாங்கி வரட்டுமா என்றால், வேண்டாம் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் டீ வேண்டாம் என்றதும் நர்ஸைத் தேடி ஓடினேன்.

அதற்குள் மூத்திரப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. டாக்டர் இளவயதுப் பெண். மலையாளி, ஆனால் தமிழ் தடையில்லாமல் பேசினார். ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஆர், ஆர், ஆர் என்று போட்டிருந்தது. கீழே இரண்டே இரண்டுக்கு மட்டும் எஸ்.

"ஆர் போட்ட மருந்து இந்தக் கிருமியை ஒண்ணும் செய்யாது. எஸ் போட்டதுதான் கேட்கும்," என்றார் டாக்டர். "இது எல்லார் குடல்லயும் இருக்கற கிருமியோட வகைதான் அம்மா. குடல்ல இருக்கற வரைக்கும் தொந்தரவில்லை. இடம் மாறி மூத்திரப் பைக்கு ஏறினதாலே காய்ச்சல். மருந்துக்கு அடங்காத வகையா வேற இருக்கு. முன்னாடி நிறைய ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்காரா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவரா? தலைவலிக்குக்கூட மாத்திரை திங்க மாட்டாருங்க. எங்க ஊட்ல எல்லாத்துக்கும் சுக்கும் மிளகுந்தான்."

"சாப்பிடாதவங்ககிட்டயும் இருக்கும். தண்ணில வரும், சாப்பாட்ல வரும், கை வழியா ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குப் போகும். உங்ககிட்ட இருக்கலாம், எங்கிட்டகூட இருக்கலாம். வீட்ல மாடு, கோழி ஏதாவது வளர்க்கறீங்களா?"

மடிநோய், ஃபிரிட்ஜில் இருக்கிற குழாய், நாலு நாள் பால், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பாலைக் குடிப்பீங்களா?"

"பின்ன கொட்டறதுங்களா?"

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அந்தப் பாலால்தான் இவருக்கு வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் மருந்து கலந்த பாலைத் திரும்பத் திரும்பக் குடித்தால், மருந்துக்குச் சாகிற கிருமிகள் செத்து, சாகாதவை குடலில் இடம் பிடித்துக்கொள்ளும் என்றார். பால் காய்ச்சினாலும் மருந்து முழுக்கப் போகாதாம், உறை ஊற்றினால் தயிராகாததும் அதனால்தானாம். மாட்டுக்குப் பாதியில் மருந்தை நிறுத்தினால் மாட்டிடமும் இதே கதைதானாம். சாணி அள்ளிய கை வழியே அதுவும் நம் அடுப்படிக்கு வந்துவிடுமாம். எல்லாம் சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டார்: "உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாராவது அதைக் குடிச்சாங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

அந்தப் பொய் என்னை அரிக்க ஆரம்பித்தது. ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஓணம் கழிந்ததும் கோயமுத்தூரில் ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். வயிற்றைத் திறக்கப் போகிறார்கள். நான் கொடுத்த பாலால் அவள் குடலிலும் இந்தக் கிருமி குடியேறியிருந்தால்? ஆபரேஷன் முடிந்து காய்ச்சல் வந்து, விஷயம் தெரியாத டாக்டர் கேட்காத மருந்தாகப் போட்டு நாளைக் கடத்திவிட்டால்? அவளிடம் சொல்லியே தீர வேண்டும். சொன்னால், சொசைட்டிக்கு ஆகாத பாலையா இத்தனை வருஷம் எனக்குக் கொடுத்தாய் என்று கேட்பாள். இருபது வருஷப் பழக்கம் அன்றோடு முடிந்துவிடும். எனக்கு ஊரில் வேறு யாரோடும் அந்த மாதிரிப் பழக்கம் இல்லை. என் வாய் அப்படி.

எஸ் போட்ட ஊசியைத் தினமும் போட்டார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் அவராகவே டீ கேட்டார். குடித்துவிட்டு அரை டம்ளர் மிச்சம் வைத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்து வைத்தேன். அவர் பயந்துபோய், "ஏம்மா, டாக்டர் எனக்கு நாள் குறிச்சுப்போட்டாங்களா?" என்று கேட்டார். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டுக் கொட்டகை வாசலில் குழாயடியில் சோப்பு வைத்தேன். ஃபிரிட்ஜில் இருந்த மருந்தையெல்லாம் மாட்டு டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர், "இத்தனையுமா?" என்று மட்டும் கேட்டார். இதெல்லாம் சுலபமாக முடிந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்வதுதான் முடியவில்லை.

ஒரு நாள் துணிந்து போனேன். வெறுங்கையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. "என்னங்க்கா, பாலில்லாம வந்திருக்கீங்க. அண்ணனுக்கு மறுக்கா ஏதாச்சுங்களா?" என்றாள். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்றேன். சும்மா வந்தேனா என்று அதிசயமாகப் பார்த்தாள். உட்கார வைத்து டீ கொடுத்தாள். ஆபரேஷனை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். பயந்திருப்பவளிடம் போய் எதைச் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு நாள் வேலியோரம் நின்று வாயைத் திறந்தேன். அவள் வீட்டுக்காரர் வண்டியில் வந்து இறங்கிவிட்டார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்க ஆரம்பித்தார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். அவருக்கு அப்போது வேலை எதுவும் இல்லை, படுத்துக்கொண்டுதான் இருந்தார்.

இதற்கு நடுவில் கறுத்த மாட்டுக்கு மடிநோய் வந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார். கிணற்றை விட்டு எட்ட ஒரு குழி வெட்டி, அந்தப் பாலை அதில் ஊற்றி மண்ணைத் தள்ளச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாலைக் கொட்டினேன். கை வரவில்லை. வாளியைச் சாய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் குழியடியில் நிற்கும்போது வேலிக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது. "எக்கா, நேத்தே டாக்டரு பைக்கப் பாத்தனுங்க. நீங்க வருவீங்க, உக்காந்து பேசலாம்னு இருந்தேன். வரக் காணமே."

பைக் வந்தால் பால் வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் காது சுட்டது. வாளியை அங்கேயே போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னேன். நான் கொடுத்ததெல்லாம் ஊசி போட்ட பால். அவருக்கு வந்தது இப்படிப்பட்ட கிருமி. உனக்கும் இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னால் கோயமுத்தூர் டாக்டரிடம் சொல்லிவிடு. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "தெரியுங்க்கா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஊசி போட்ட பாலுன்னு தெரியும். மாட்டு டாக்டரு எங்க கடைக்குத்தானுங்க சாமான் வாங்க வர்றாரு. அஞ்சாறு வருசம் முன்னாலயே எங்க ஊட்டுக்காரரு கேட்டுப்போட்டாரு. மனுசரு குடிக்கக் கூடாதுன்னாராம்."

"அப்ப அந்தப் பாலு?"

"குடிக்கலீங்க்கா. நீங்க அக்கட்டால போனதும் தென்னைக்கு ஊத்திப்போடுவேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. அஞ்சாறு வருஷப் பால். வாசலில் நின்ற தென்னையைப் பார்த்தேன். அந்தத் தெருவிலேயே இல்லாத காய்ப்பு அதற்கு. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயி தேஞ்சா போயிரும்?" என்று கத்திவிட்டு நடந்தேன். "எக்கா, சித்தெ நில்லுங்க்கா," என்று பின்னால் கூப்பிட்டாள். கேட் வரை போன நான் திரும்பி, "நீ குடிச்சியோ குடிக்கலியோ, டாக்டர்கிட்ட எங்க ஊட்டு விசயத்தச் சொல்லிப்போடு," என்று அதையும் சண்டை போடுகிற குரலிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் நடந்ததைக் கேட்டு என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்மகிட்டயும் தென்னை இருக்குது. அது பாவம், ஒரு நாளும் பாலக் கண்டதில்ல," என்றார். ஓணம் வந்தது, போனது. வேலிப் பக்கம் போகாமல் இருந்தேன். ஆனால் ஆபரேஷன் அன்று காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கறக்கும்போது இரண்டு தடவை மாடு உதைத்தது. மத்தியானம் அவள் வீட்டுக்காரர் போன் செய்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் காய்ச்சல் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துப் போனேன். பால் கொண்டுபோக வெட்கமாக இருந்தது. ஆப்பிள் வாங்கிப்போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது.

"நீங்க சொன்னதச் சொன்னனுங்க்கா," என்றாள். "எதுக்கும் பாத்தரலாம்னு டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கும் அந்தக் கிருமி இருக்குதாமா."

"பாலைக் குடிக்காமயேவா?"

"குடிக்காமயே. நெறையப் பேருக்கு இருக்குமாமா, தெரியறதில்லையாமா. அதுக்குத் தக்கன மருந்து பாத்துப் போட்டாங்க. காய்ச்சலே வல்லீங்க்கா. நீங்க சொல்லாமப் போயிருந்தா என்னாயிருக்குமோ."

நான் ஆப்பிளை நறுக்க ஆரம்பித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதற்காகக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட என்னால் முடியாது. "அது கெடக்கட்டும் அம்மிணி. குடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"வேண்டாமுன்னு சொன்னா நீங்க வர மாட்டீங்களே. பாலு கொண்டார அன்னைக்குத்தானே உள்ள வந்து உக்காருவீங்க."

"நல்லா இருக்குது போ. அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்களும் குடிச்சிருக்க மாட்டோமில்ல."

அவள் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். தையல் இழுத்திருக்கும், முகத்தைச் சுளித்தாள். "நாங்களும்னா?"

"நானும் அவருந்தான். மொதல்ல எங்களுக்கு, மிச்சந்தான் உனக்கு."

"நீங்களும் அதையா குடிச்சீங்க?"

"பின்ன?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு எப்பிடிங்க்கா தெரியும்? நீங்க குடிக்காததத்தான் எனக்குக் கொண்டாந்து தர்றீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். நீங்களும் குடிக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்து சொல்லியிருப்பனே."

என் கையில் கத்தி அப்படியே நின்றது. அஞ்சாறு வருஷமாக என்னைப் பற்றி அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டே அத்தனை தடவையும் வாசலுக்கு வந்து போசியை வாங்கியிருக்கிறாள்.

"அப்பிடி நெனச்சுப்போட்டுமா என்னைய உள்ள கூப்பிட்டு உக்கார வெச்ச? கறிக்குழம்பு ஊத்திக் குடுத்த?"

"வருசத்துல நாலஞ்சு வாட்டி, அதும் நாலு நாளுப் பாலு," என்றாள். "மத்த நாளெல்லாம் நீங்க எங்கிட்ட நல்லாத்தானுங்க்கா இருந்தீங்க."

ஊரில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. அன்றைக்கு அவள் முன்னால் அழுதேன். அவள் சும்மா இருங்க்கா, சும்மா இருங்க்கா என்று என் கையிலிருந்த கத்தியை வாங்கித் தட்டில் வைத்தாள். நேரமாகிவிட்டது, மாடு கத்தும், போங்கள் என்றும் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலப் பாலை என் வீட்டுக்காரர்தான் கறந்து கொண்டுபோய்ச் சொசைட்டியில் ஊற்றினார்.